உண்மை, பற்றுறுதி, துரோகம்: அலென் பாதியுவின் அறவியலும் தொரப்பள்ளி ராஜாஜியும்

கட்சியை விட்டு வெளியேறியவர் துரோகி, கடைசிவரை கட்சியிலேயே இருந்தவர் கொள்கைவாதி என்பது தமிழக அரசியல் பேச்சில் பழகிப்போன அளவுகோல். இந்த அளவுகோல் போதாது என்பதற்கு அலென் பாதியு என்ற பிரெஞ்சு மெய்யியலாளரின் அறவியல் ஒரு வலுவான காரணத்தைத் தருகிறது. அரசியலில் ஈடுபட்ட ஒருவர் மூன்று வெவ்வேறு வழிகளில் தவறலாம் என்றும், அவற்றில் துரோகம் ஒன்று மட்டுமே என்றும் அது சொல்கிறது. மற்ற இரண்டில் ஒன்று, தன் கொள்கையில் அசையாமல் நிற்பவருக்கே நேரக்கூடியது.

பாதியுவின் கருத்துகளைப் பொதுவாக இடதுசாரி இயக்கங்களின் வரலாற்றோடு சேர்த்தே விவாதிப்பார்கள். அவரே மாவோயிய மரபிலிருந்து வந்தவர். அந்த வகையில் பார்த்தால், 1970களிலும் 1980இலும் பழைய தர்மபுரி மாவட்டத்தில் நக்சல்பாரி இயக்கம் வேரூன்றியதும், காவல்துறை நடவடிக்கையில் பலர் கொல்லப்பட்டதும்தான் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு கோட்பாட்டை அதற்கு இணக்கமானவர்களிடம் மட்டும் சோதித்தால் அதன் வலிமை தெரியாது. இதே மண்ணில், ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி எந்த வகையிலும் இடதுசாரி அல்லர். தன் நீண்ட பொதுவாழ்வில் பலமுறை 'துரோகி' என்ற பட்டத்தைச் சுமந்தவர். பாதியுவின் அறவியலுக்கு அவர் கடினமான சோதனை. அதனாலேயே பயனுள்ள சோதனை.

பாதியு சொல்வது என்ன?

1937இல் மொராக்கோவின் ரபாத் நகரில் பிறந்த பாதியு, கணிதத்தையும் மெய்யியலையும் இணைத்துச் சிந்தித்தவர். 1968 மே மாதத்தில் பிரான்சில் மாணவர்களும் தொழிலாளர்களும் நடத்திய எழுச்சி அவருடைய வாழ்வின் திசையைத் திருப்பியது. 1988இல் வெளியான 'இருத்தலும் நிகழ்வும்' அவருடைய முதன்மை நூல். அதைப் படிக்கக் கணக் கோட்பாட்டில் ஓரளவு பயிற்சி வேண்டும். 1993இல் வெளிவந்த 'அறவியல்' அப்படிப்பட்டதன்று. அது மாணவர்களுக்கான ஒரு நூல்வரிசைக்காக எழுதப்பட்ட சிறிய புத்தகம். பீட்டர் ஹால்வர்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2001இல் வந்தபின் அது உலகெங்கும் படிக்கப்பட்டது.

அந்நூல் ஒரு மறுப்போடு தொடங்குகிறது. 1980களின் ஐரோப்பாவில் அறம் என்றாலே மனித உரிமை, துன்புறுவோர் மீது இரக்கம், பிறரின் வேறுபாட்டுக்கு மதிப்பு என்றே பேசப்பட்டது. இந்தப் பேச்சு மனிதரை முதலில் பாதிக்கப்பட்டவராகவே பார்க்கிறது என்கிறார் பாதியு. தீமை எது என்று முதலில் வரையறுத்துவிட்டு, அதைத் தடுப்பதே நன்மை என்று சொல்கிறது. அவர் இதைத் தலைகீழாக்குகிறார். முதலில் நன்மை எது என்று தெரியவேண்டும். அந்த நன்மை திரிந்து போவதே தீமை.

நன்மை என்பது அவருக்கு ஓர் உண்மையின் வேலை. ஒரு காலத்தின் வழக்கமான கணக்குகளுக்குள் அடங்காத ஒன்று திடீரென நடக்கிறது. அதை அவர் 'நிகழ்வு' என்கிறார். பிரெஞ்சுப் புரட்சி ஒரு நிகழ்வு. இருவர் காதல் கொள்வதும் ஒரு நிகழ்வு. அது நடந்ததா, வெறும் சலசலப்பா என்பதை வெளியிலிருந்து யாரும் நிரூபித்துக் காட்ட முடியாது. சிலர் அதை ஏற்று, அது நடந்தது என்ற நோக்கில் தங்கள் உலகை மறுபடி எண்ணிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அந்தத் தொடர்ச்சியே பற்றுறுதி. அந்தப் பற்றுறுதியின் வழியே மெல்ல உருவாவதுதான் உண்மை. அறிவியல், கலை, அரசியல், காதல் ஆகிய நான்கு களங்களில் மட்டுமே உண்மைகள் பிறக்கின்றன என்பது அவர் கணக்கு. ஒரு முக்கியமான நிபந்தனையும் உண்டு. உண்மை எல்லோரையும் நோக்கியது. சாதி, இனம், மொழி என்று ஆள் பார்த்து அது அழைப்பதில்லை.

இதிலிருந்து தீமையின் மூன்று வடிவங்கள் வருகின்றன. முதலாவது போலி: நிகழ்வு போலத் தோற்றமளித்து, எல்லோரையும் அழைக்காமல் ஒரு குறிப்பிட்ட கூட்டத்தை மட்டும் அழைப்பது. நாஜிகளின் 'புரட்சி' இதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு. இரண்டாவது துரோகம். களைப்பினாலோ சொந்த நலத்தினாலோ ஒருவர் விலகிக்கொள்வது மட்டும் துரோகம் ஆகிவிடாது. தன்னை மாற்றிய அந்த நிகழ்வு நடக்கவே இல்லை, அது ஓர் இளமை மயக்கம் என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொள்வதே துரோகம். மூன்றாவது பேரழிவு: உண்மைக்கு எல்லையே இல்லை என்று எண்ணி, அதைக் கொண்டு எல்லாவற்றுக்கும் பெயர் சூட்டிவிட முனைவது. ஒவ்வொரு உண்மையும் தொடக்கூடாத ஓர் இடம் உண்டு. அதைப் 'பெயரிட முடியாதது' என்கிறார் அவர். அரசியலில் அந்த இடம் சமூகம். 'நாம் யார்' என்பதற்கு ஒரு பெயரை வலிந்து சூட்டும் அரசியல் தன் உண்மையையே அழிக்கிறது.

நிகழ்வு: 1919

ராஜாஜியின் தந்தை தொரப்பள்ளியில் கிராம முன்சீப். மகன் ஓசூரிலும் பிறகு பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் படித்துவிட்டு, சென்னையில் சட்டம் முடித்து, 1900ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞர் தொழில் தொடங்கினார். 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார். அந்தக் காலத்தில் வெற்றிபெற்ற ஒரு வழக்கறிஞருக்கு உரிய பாதைதான் இது. அது அப்படியே போயிருந்தால் அவர் ஒரு நீதிபதியாக ஓய்வு பெற்றிருக்கக்கூடும்.

1919 மார்ச்சில் ரௌலட் சட்டத்துக்கு எதிராக என்ன செய்வதென்று தெரியாமல் காந்தி சென்னைக்கு வந்தார். சேலத்திலிருந்து அப்போதுதான் சென்னைக்குக் குடிபெயர்ந்திருந்த ராஜாஜியின் வீட்டில் தங்கினார். நாட்கணக்கில் விவாதங்கள் நடந்தும் வழி தெரியவில்லை. ஒருநாள் அதிகாலையில், உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடைப்பட்ட நிலையில், நாடு முழுவதும் ஒரே நாளில் வேலைகளை நிறுத்தி நோன்பிருக்கவேண்டும் என்ற எண்ணம் காந்திக்குத் தோன்றியது. கனவில் வந்ததுபோல வந்த அந்த எண்ணத்தை அவர் முதலில் சொன்னது ராஜாஜியிடம். காந்தி தம் தன்வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார். முதலில் மார்ச் 30 என்று குறித்து, பிறகு ஏப்ரல் 6க்கு மாற்றினார்கள். ஏப்ரல் 6 அன்று நாடு நின்றது.

அதுவரை இந்திய அரசியல் என்றால் மனு, தீர்மானம், சட்டமன்றப் பேச்சு. பெயர் தெரியாத கோடிக்கணக்கானோர் ஒரே நாளில் ஒரு செயலைச் செய்வார்கள் என்பது எந்த அரசியல்வாதியின் கணக்கிலும் இல்லை, ஆங்கிலேய அரசின் கணக்கிலும் இல்லை. பாதியுவின் சொல்லில் இது நிகழ்வு. ராஜாஜியின் அடுத்த இருபது ஆண்டுகளை இதன் பின்விளைவாகவே படிக்கலாம். வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போனார். 1922இல் கயா காங்கிரசில், சட்டமன்றங்களுக்குள் நுழைவதை எதிர்த்தவர்களின் முன்னணியில் நின்றார். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, கதரும் மதுவிலக்கும் தீண்டாமை ஒழிப்புமாகக் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வேலூர்ச் சிறையில் அவர் எழுதிய நாட்குறிப்பில் ஒரு பகுதி பின்னாளில் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டது. சுதந்திரம் வந்தவுடன் நல்லாட்சியும் மகிழ்ச்சியும் வந்துவிடாது என்றும், தேர்தல் ஊழலும் பணபலமும் நிர்வாகத் திறமையின்மையும் மக்களை வாட்டும் என்றும் 1922 ஜனவரியிலேயே எழுதியிருந்தார். இதைத் தீர்க்கதரிசனம் என்று பாராட்டுவது வழக்கம். அதைவிடக் கவனிக்கத்தக்கது, இவ்வளவையும் தெரிந்துகொண்டே அவர் சிறையில் இருந்தார் என்பது. நல்ல பலன் உறுதி என்பதால் பிறந்த ஈடுபாடு அன்று அது. பாதியு பற்றுறுதி என்று சொல்வதற்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டைத் தேடவேண்டியிருக்கும்.

ஒரே நிகழ்வு, இரு பற்றுறுதிகள்

ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்த ஈ.வெ. ராமசாமியும் இதே அலையில் பதவியை விட்டுக் காங்கிரசுக்கு வந்தவர். ராஜாஜி அவருக்கு நெருங்கிய நண்பர். ஒத்துழையாமை இயக்கத்தில் ஒருவர் பேச்சை மற்றவர் முடித்து வைக்கும் அளவுக்கு இருவரும் சேர்ந்து உழைத்தனர். காங்கிரஸ் நிதியுதவி பெற்ற சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற விவகாரம் வெடித்ததும், 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டதும், பெரியார் வெளியேறினார்.

அன்றைய காங்கிரஸ்காரர்களுக்கு அது துரோகம். ஆனால் எல்லோரையும் ஒன்றுபோல் அழைத்த ஒரு நிகழ்வின் பெயரில் நடக்கும் பள்ளியில் இரண்டு பந்தி இருக்குமானால், அங்கே அந்த நிகழ்வைக் காப்பாற்றியவர் யார்? உள்ளே இருந்தவரா, வெளியே போனவரா? பாதியுவின் அளவுகோல்படி பெரியாரின் வெளியேற்றத்தைத் துரோகம் என்று சொல்ல இடமே இல்லை. ஒரே நிகழ்வுக்கு இருவர் இருவிதமாகப் பற்றுறுதி கொள்ளலாம் என்பதற்கும், இரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கலாம் என்பதற்கும் இந்த நண்பர்களின் ஐம்பதாண்டு கால மோதல் சான்று.

1930 ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக் படுகொலையின் ஆண்டு நாள். அன்று ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். யாத்திரிகர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் அறிவித்தார். ஆனாலும் வழியெல்லாம் ஊர்மக்கள் ஏதோ ஒரு வகையில் உணவு கிடைக்கச் செய்தார்கள். ஏப்ரல் 30 அன்று உப்பெடுத்து ராஜாஜி கைதானார். அவர் புகழின் உச்சம் அது.

பேரழிவு: 1938

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த முதல் மாவட்டம் அவருடைய சொந்தச் சேலம் மாவட்டம். இன்றைய ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. கள்ளுவரி போன கணக்கை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். பிற்கால மாநில நிதியின் பெரும்பகுதி இந்த மதுவிலக்குக் கணக்கிலிருந்து முளைத்தது என்பது பலர் மறந்துவிட்ட செய்தி. அதே ஆண்டு கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பும் தந்தார். இவை மூன்றும் 1919இன் தொடர்ச்சி என்று சொல்வதில் தவறில்லை.

இந்தியும் அதே தொடர்ச்சியில்தான் வந்தது. சிக்கல் அங்கேதான். 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் முதல் மூன்று படிவங்களுக்கு இந்தி கட்டாயமாக்கப்பட்டது. இந்தி இலையில் வைக்கும் சட்னி போன்றதுதான், விரும்பாதவர்கள் தொடாமல் இருக்கலாம் என்ற பொருளில் ராஜாஜி சமாதானம் சொன்னார். ஆனால் தேர்வெழுதும் மாணவருக்கு அது சட்னியாகத் தெரியவில்லை. மறியல் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர், அவர்களில் கைக்குழந்தையோடு சென்ற பெண்களும் உண்டு. நடராசன் 1939 ஜனவரியிலும் தாளமுத்து அதே ஆண்டு மார்ச்சிலும் காவலில் இருந்த நிலையில் உயிரிழந்தனர். பெரியாருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மறியல்காரர்களைச் சிறையிலடைக்கப் பயன்பட்டது குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம். சட்டமறுப்பு இயக்கத்தை ஒடுக்க ஆங்கிலேயர் பயன்படுத்தியபோது காங்கிரஸ் கடுமையாக எதிர்த்த சட்டம் அது.

இங்கே ராஜாஜி எந்தக் கொள்கையையும் கைவிடவில்லை. இந்தி பரப்புதல் காந்தியின் நிர்மாணத் திட்டத்தில் இருந்தது. பதவிக்காகச் செய்தார் என்றும் சொல்ல முடியாது; இதனால் அவருக்கு நட்டமே மிச்சம். அவர் பற்றுறுதி உள்ளவராக இருந்ததால்தான் இதைச் செய்தார். வழக்கமான அளவுகோலில் 'கொள்கை உறுதி' என்று மதிப்பெண் வாங்கக்கூடிய இந்தச் செயல், பாதியுவின் அளவுகோலில் மூன்று தீமைகளில் மிக ஆபத்தானதாகிறது. ஒரு நாட்டு மக்களை எல்லாம் ஆள் பார்க்காமல் அழைத்த உண்மை, அவர்களுக்கு ஒரு பொதுப் பெயரையும் பொது நாக்கையும் கட்டாயமாகச் சூட்டத் துணிந்தது. தொட்டிருக்கக் கூடாத இடத்தைத் தொட்டது. இதில் ஒரு விசித்திரம், இதைச் செய்தவர் பிறந்து வளர்ந்த ஊர். தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது என்று ஒரே சந்தையில் நான்கு மொழி கேட்கும் ஓசூர் வட்டத்தில், எந்த ஒரு மொழியும் எல்லோருக்குமான பெயராக இருந்ததே இல்லை.

1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. கட்டாய இந்தியை 1940 பிப்ரவரியில் ஆளுநர் எர்ஸ்கின் விலக்கிக்கொண்டார். காங்கிரஸ் ஆட்சியின் தவறு ஒன்றை ஆங்கிலேய ஆளுநர் திருத்தவேண்டி வந்தது.

'துரோகம்': 1942

1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய குண்டுகள் விழுந்தன. சென்னை நகரமே காலியாகத் தொடங்கியது. அதே மாதம் சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் உறுப்பினர்களைக் கூட்டி, முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றுத் தேசிய அரசு அமைக்கவேண்டும் என்று ராஜாஜி தீர்மானம் நிறைவேற்றினார். அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் குழு அதை 120க்கு 15 என்ற கணக்கில் தோற்கடித்தது. ஜூலையில் அவர் காங்கிரசிலிருந்தே விலகினார். ஆகஸ்டில் தொடங்கிய வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சேரவில்லை. காந்தி, நேரு, பட்டேல் எல்லோரும் சிறையில். வேதாரண்யத்து வீரர் வெளியே. அந்த ஆண்டு அவருக்கு ஒட்டிய பெயர் கடைசிவரை முழுதாக உதிரவில்லை.

இங்கே பாதியுவின் இலக்கணம் உதவுகிறது. துரோகம் என்றால் 1919 ஒன்றுமில்லை என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அப்படி எதுவும் சொல்லவில்லை. வன்முறை வெடிக்கும் என்று தெரிந்தும் தொடங்கப்படும் போராட்டம் சத்தியாகிரகம் ஆகாது என்பதும், லீக்கோடு உடன்பாடு இல்லாமல் சுதந்திரம் வராது என்பதும் அவர் வாதம். விலகிப் போய் ஓய்வும் எடுக்கவில்லை. 1944இல் அவர் வகுத்த திட்டத்தை அடிப்படையாக வைத்துத்தான் அவ்வாண்டு செப்டம்பரில் காந்தியும் ஜின்னாவும் பேசினார்கள். பேச்சு தோற்றது. அவர் கணிப்பு சரியா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஆனால் தவறான கணிப்பு வேறு, துரோகம் வேறு.

ஆக, ஊரே துரோகம் என்ற 1942 துரோகமன்று. கட்சி பாராட்டிய 1938தான் அறத்தின் தோல்வி. இந்த இடமாற்றமே பாதியுவின் அறவியல் இவ்வரலாற்றுக்குத் தரும் வெளிச்சம். ராஜாஜியின் எல்லாச் செயல்களையும் அது காப்பாற்றுவதில்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

1953: அழைப்பு சுருங்கியது

மேற்கு வங்க ஆளுநர், கடைசி கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர் எல்லாம் ஆனபின், 1952 ஏப்ரலில் தேர்தலில் நிற்காமலே மேலவை நியமனத்தின் வழியாக ராஜாஜி சென்னை முதலமைச்சரானார். 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைப் பாதியாக்கி, இரண்டு பிரிவுகளாகப் பிள்ளைகளைச் சேர்த்து, மீதி நேரம் அவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்ற திட்டம் கொண்டுவந்தார். அவருடைய நியாயம் எளிமையானது: பள்ளிக்கு வெளியே பல லட்சம் பிள்ளைகள், அரசிடம் பணமில்லை, இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டே இரண்டு மடங்குப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம்.

எண்ணிக்கையில் பார்த்தால் எல்லோருக்கும் கல்வி. ஆனால் முடிதிருத்துபவர் மகன் முடிதிருத்தவும் சலவைத் தொழிலாளி மகள் துணி வெளுக்கவும் மீதி நேரத்தைச் செலவிடவேண்டும் என்றால், அந்தப் பிள்ளையை அரசு பிறப்பைக் கொண்டே அழைக்கிறது. 'குலக் கல்வித் திட்டம்' என்று எதிர்ப்பாளர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், அது பொருந்தியதுதான். திராவிடர் கழகமும் தி.மு.க.வும் தெருவில் இறங்கின, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார், காமராஜர் முதல்வராகித் திட்டத்தைக் கைவிட்டார். ராஜாஜியின் நோக்கம் சாதியைக் காப்பது அன்று என்று அவருடைய ஆதரவாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நோக்கம் எதுவாயினும், உண்மை ஆள் பார்த்து அழைக்காது என்ற நிபந்தனையில் இத்திட்டம் தேறவில்லை. 1919இல் ஏப்ரல் 6 அன்று யாருடைய தொழில் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

பிற்காலம்

எண்பது வயதில் ஒருவர் புதிதாக ஒரு கட்சி தொடங்குவது அரிது. 1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி, அரசின் உரிம–அனுமதி ஆட்சியை எதிர்த்தது. 1967 மக்களவைத் தேர்தலில் 44 இடங்களோடு மிகப்பெரிய எதிர்க்கட்சியானது. அணு ஆயுதத்தை எதிர்த்து ஓயாமல் எழுதினார். 1962இல் அமெரிக்கா சென்று கென்னடியைச் சந்தித்தார்.

இந்தி விஷயத்தில் அவர் எடுத்த திருப்பமே இக்கட்டுரைக்கு முக்கியமானது. 1958 அளவில் இந்தி மட்டும் ஆட்சிமொழியாவதை எதிர்ப்பவர்களின் அணியில் அவர் நின்றார். இந்தி தாய்மொழி அல்லாதவர்களுக்கு அது ஆங்கிலம் போலவே அயல்மொழிதான் என்றார். 1967இல் தி.மு.க.வோடு கூட்டணி சேர்ந்து, இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் தாம் சிறையிலடைத்த இயக்கத்தின் வாரிசுகள் ஆட்சிக்கு வரத் துணை நின்றார். சந்தர்ப்பவாதம் என்று எதிரிகள் சொன்னார்கள். 1938இல் தொட்ட இடத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார் என்றும் இதைப் படிக்கலாம். ஆனால் 1938 தவறு என்று அவர் எவ்வளவு வெளிப்படையாகச் சொன்னார் என்பதைவிட, 1938இன் செலவைக் கொடுத்தவர்கள் வேறு யாரோ என்பது கனமான செய்தி.

1971இல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோது, முதுமையிலும் முதல்வர் கருணாநிதியைச் சந்தித்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்கப்படவில்லை. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தார். சக்கர நாற்காலியில் இறுதிச் சடங்குக்கு வந்த பெரியார் கண்ணீர் விட்டு அழுததை அன்றைய தமிழகம் பார்த்தது.

ஓசூரில் மிச்சமிருக்கும் கேள்வி

ராஜாஜி மறைந்த காலத்தில்தான் ஓசூர் மாறத் தொடங்கியது. 1971இல் உருவான சிப்காட், 1970களில் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட் ஆலையும் வந்தன. மாநில அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், கடிகாரங்களை இங்கே செய்தது. அரசின் உரிமங்களை வாழ்நாள் கடைசியில் எதிர்த்தவரின் ஊரை அரசு நிறுவனங்களே தொழில்நகரமாக்கின. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு அரசு நினைவில்லமாக இருக்கிறது.

ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளி, பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளி என்று ஒரே வேலைக்குப் பல பெயர்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் என்று பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வாடகை அறைகளில் தங்கி வேலை செய்கிறார்கள். 1938இல் அரசாணையால் நுழைய முடியாத இந்தி, இன்று சிப்காட் பகுதியின் தேநீர்க் கடைகளில் சம்பளம் தேடி வந்தவர்களின் வாயில் சாதாரணமாகக் கேட்கிறது. யாரும் அதை மறிக்கவில்லை, ஏனென்றால் யாரும் அதைத் திணிக்கவில்லை. 1985க்குப் பிறகு பாதியு தம் தோழர்களோடு நடத்திய சிறிய அரசியல் அமைப்பு, பாரிசைச் சுற்றியுள்ள விடுதிகளில் உரிய தாள்கள் இல்லாமல் வாழ்ந்த அயல்நாட்டுத் தொழிலாளர்களோடு வேலை செய்தது. ஓர் இடத்தில் வாழ்ந்து உழைப்பவர் அந்த இடத்தின் கணக்கில் சேரவேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. ஓசூரின் வாடகை அறைகளில் இருப்போர் சொந்த நாட்டின் குடிமக்கள்தான். இருந்தும் ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், தொழிற்சங்க உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றில் இவர்களில் பலர் ஓசூர்க்காரர்களாக எண்ணப்படுவதில்லை.

பாதியுவே பின்னாளில் 'பெயரிட முடியாதது' என்ற கருத்தைக் கைவிட்டார். 2006இல் வந்த 'உலகங்களின் தருக்கம்' நூலில் அவருடைய கோட்பாடு வேறு வடிவம் எடுத்தது. ஓசூரிலிருந்து பார்த்தால் அவர் அவசரப்பட்டுவிட்டார் என்று தோன்றும். 2006இல் தமிழ்நாடு அரசு பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிச் சட்டம் இயற்றியது. பத்தாண்டு கழித்து அதன்கீழ் படித்தவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வை எட்டியபோது, கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையோரத்தின் தெலுங்கு, கன்னட, உருதுப் பள்ளிகளிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. மொழிச் சிறுபான்மை மாணவர்கள் தாய்மொழியிலேயே மொழித்தாளை எழுத விலக்குக் கேட்டு உயர்நீதிமன்றம் சென்றனர். நீதிமன்றமும் விலக்கு அளித்தது. 1938இல் 125 பள்ளிகளின் வாசலில் நின்ற கேள்வி, இம்முறை வேறொரு மொழியின் பெயரில், ராஜாஜி பள்ளிக்குப் போன ஊரின் பள்ளிகளில் நின்றது.